முதல் எழுத்து போன கோப்புகள்

என் கடை மேசை இழுப்பறையில் 31 ‘555’ புத்தகங்கள் இருக்கின்றன. மலேசியாவின் கெடாவில் தோட்டத்துப் பிள்ளையாக வளர்ந்தவர்களுக்கு 555 என்றால் விளக்கம் வேண்டாம். உள்ளங்கைக்குள் அடங்கும் அந்தச் சின்னப் புத்தகத்தில்தான் சாமான் கடைக்காரர் அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய் என்று எங்கள் குடும்பத்தின் மாதத்தையே எழுதி வைத்திருப்பார். சம்பளம் போட்ட அன்று அம்மா அதை எடுத்துக்கொண்டு போவார். கொடுக்கக் கொடுக்க, வரி வரியாகக் கோடு விழும். கோடு விழாத வரியை அடுத்த மாதப் பக்கத்தின் தலைப்பில் மறுபடி எழுதிக் கொடுப்பார் கடைக்காரர்.

நான் அதே புத்தகத்தில் வேறு கணக்கு எழுதுகிறேன். யாருடைய கணினி, அதிலிருந்து எதை நீக்கினேன், எந்தத் தேதி, நீக்குமுன் அது எங்கே இருந்தது, அதைப் பற்றி உரிமையாளர் என்ன சொன்னார். முதல் புத்தகம் 2002இல் தொடங்குகிறது. அதற்கு முன் ஏழு ஆண்டுகள் இதே வேலையைத்தான் செய்தேன், ஒரு வரிகூட எழுதியதில்லை.

நான் பிறந்தது பீடோங் பக்கம் ஹார்வர்ட் தோட்டத்தில். தொழிலாளர் குடியிருப்பான லயத்து வாசலில் நின்றால் குனோங் ஜெராய் மலை தெரியும். அப்பா மறுநடவுக் கூட்டத்தில் இருந்தார். பால் வற்றிய ரப்பர் மரங்களைச் சாய்த்துவிட்டு இளங்கன்று வைக்கிற வேலை. அந்த வேலையில் எல்லாரும் அஞ்சியது வெள்ளை வேர் நோய். மரத்தை வெட்டினால் மரம் போகும், நோய் போகாது. மண்ணுக்குள் விட்டுப்போன ஒரு முழ வேர்த்துண்டில் அந்தப் பூஞ்சை ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கும். புதுக் கன்றின் வேர் வந்து தொட்டதும் அதில் ஏறிக்கொள்ளும். அதனால் பழைய அடிமரத்தைத் தோண்டி எடுப்பார்கள், வேர்த்துண்டுகளைப் பொறுக்குவார்கள், நோய் கண்ட இடத்தைச் சுற்றிக் குழி வெட்டி மற்ற மரங்களிடமிருந்து பிரிப்பார்கள். கன்று வளர்ந்த பிறகும் அடி மண்ணை விலக்கி, வேரில் வெள்ளை நூல் ஓடுகிறதா என்று பார்ப்பார்கள்.

அம்மாவுக்கு லாலான் புல் துடைக்கிற வேலை. லாலானை அரிவாளால் அறுத்தால் அடுத்த மழைக்கு இரண்டு மடங்காக வரும், அதன் கிழங்கு மண்ணுக்கடியில் ஓடுகிறது. துணியை மருந்தில் நனைத்து, தாள் தாளாகப் பிடித்துத் துடைக்க வேண்டும். பக்கத்தில் நிற்கும் ரப்பர் கன்றின் மேல் ஒரு சொட்டும் படக்கூடாது. பட்டுவிட்டால் வேலையை மேற்பார்க்கும் தண்டல் கத்துவார். ஒரு பக்கம், வேர் மிஞ்சக்கூடாது. இன்னொரு பக்கம், வேண்டிய பயிருக்குக் காயம் படக்கூடாது. என் தொழிலின் பாதிப் பாடம் எனக்குப் பத்து வயதிலேயே வீட்டில் கிடைத்திருந்தது. கிடைத்ததை நான் உணர்ந்தது வெகு காலம் கழித்து.

எஸ்.பி.எம். பள்ளித் தேர்வு முடித்து, பாக்கார் அராங் தொழிற்பேட்டையில் மின்னணுத் தொழிற்சாலை ஒன்றில் மூன்று ஆண்டுகள் இருந்தேன். 1995இல் சுங்கை பட்டாணியில், 1936இல் கட்டிய மணிக்கூண்டுக்கு நடந்துபோகும் தூரத்தில் இருந்த ஒரு கணினிக் கடையில் சேர்ந்தேன். கடை ஒரு சீனத் தவுக்கேயுடையது, அதாவது முதலாளியுடையது. எங்கள் பக்கம் எல்லாம் இடம் பெயர்ந்துகொண்டிருந்த காலம் அது. ரப்பர் இருந்த இடத்தில் செம்பனை ஏறியது. செம்பனைக்கு அத்தனை கைகள் தேவையில்லை. லயங்களை விட்டு வந்தவர்கள் தாமான் எனும் குடியிருப்புகளில் வாடகைக்குக் குடியேறினார்கள். பெண்பிள்ளைகள் விடியுமுன் தொழிற்சாலைப் பேருந்தில் ஏறி சுங்கை பட்டாணிக்கும் பினாங்குக்கும் போனார்கள். 1996இல் கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்கா திறந்த பிறகு அங்கேயும் போனார்கள். சில்லுகளைச் செய்து கொடுத்த அந்தக் கைகளின் சம்பளத்தில்தான் எங்கள் ஆட்களின் வீட்டுக்குள் முதல் கணினி தவணை முறையில் வந்தது. கடைக்கு அதைத் தூக்கி வருபவர்களும் அவர்களே. “தம்பி, சனியன் மாதிரி என்னமோ உள்ள புகுந்துடுச்சு, எடுத்து விடுங்க.”

அன்று புகுந்ததெல்லாம் நெகிழ்வட்டு வழியாக வந்தவை. 1986இல் லாகூரில் இரண்டு சகோதரர்கள், தாங்கள் எழுதிய மருத்துவ மென்பொருளை யாரும் திருடக்கூடாது என்று வட்டின் தொடக்கப் பகுதியில் ஒரு நிரலை வைத்தார்கள். அதற்குள் தங்கள் முகவரியையும் தொலைபேசி எண்ணையும் போட்டார்கள். ‘பிரெயின்’ என்று பெயர் பெற்ற அது உலகம் சுற்றியது. மறு ஆண்டு நியூசிலாந்தின் வெலிங்டனிலிருந்து ‘ஸ்டோன்ட்’ கிளம்பியது. நான் வேலைக்குச் சேர்ந்தபோதும் அது எங்கள் ஊர் வட்டுகளில் தாராளமாக உலவியது. நீக்கும் முறையைத் தவுக்கே முதல் வாரமே சொல்லிக் கொடுத்தார். நோய் பிடித்த கணினியை அதன் சொந்த வட்டிலிருந்து எழுப்பாதே. எழுதுவதற்கு வழியில்லாமல் தடுத்த ஒரு சுத்தமான நெகிழ்வட்டிலிருந்து எழுப்பு. ஐந்தே கால் அங்குல வட்டு என்றால் ஓரத்து வெட்டின் மேல் ஒட்டுத்தாள் ஒட்டு. மூன்றரை அங்குல வட்டு என்றால் மூலையில் உள்ள சின்னத் தாழ்ப்பாளைத் தள்ளு. அதன் பிறகே ஐஸ்லாந்துக்காரர்கள் செய்த எஃப்-புரோட் போன்ற ஒன்றை ஓட்டு. நோய் நினைவகத்தில் ஏறிவிட்டால், தேடுகிற நிரலுக்கே அது பொய் சொல்லும்.

சேர்ந்த மறு ஆண்டில் ஒரு தோட்டத்து அலுவலகத்திலிருந்து கணக்கெழுதும் கிராணி ஒருவர் கணினியைக் கொண்டுவந்தார். அதில் செக்ரோல் எனும் கூலிப் பதிவேடு இருந்தது. பால் வெட்டுகிறவர்கள், களை எடுக்கிறவர்கள், ஒவ்வொருவரும் வேலைக்கு வந்த நாளும் அந்த மாதக் கூலியும். திரையில் ‘டிஸ் இஸ் ஒன் ஹாஃப்’ என்று ஒரு வரி வந்து நின்றதாகச் சொன்னார். தொடக்கப் பகுதியைப் பிடித்த வைரஸ் என்று எனக்குப் புரிந்தது. ‘எஃப்டிஸ்க்’ கட்டளையோடு ‘எம்பிஆர்’ சேர்த்துத் தட்டினால் தொடக்கப் பகுதி புதிதாக எழுதப்படும், வைரஸ் போய்விடும். அதைப் பத்து முறையாவது செய்திருந்தேன். எழுத்துகளைத் தட்டிவிட்டு எண்டர் விசைக்கு விரல் போகும்போது தவுக்கே “ஜாங்கான்!”, வேண்டாம், என்று கத்தினார். அவர் மலாயில் கத்தி நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.

‘ஒன் ஹாஃப்’ 1994இல் ஸ்லோவாக்கியாவில் தோன்றியது. மற்றவை போல அது தொடக்கப் பகுதியில் சும்மா குந்தியிருக்காது. கணினி ஒவ்வொரு முறை எழும்போதும் வட்டின் கடைசியிலிருந்து தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக உள்ளடக்கத்தைப் பூட்டிக்கொண்டே முன்னே வரும். வைரஸ் நினைவகத்தில் இருக்கும்வரை யாருக்கும் சந்தேகம் வராது, கேட்கிற கோப்பை அதுவே திறந்து படித்துக் கொடுத்துவிடும். பாதி வட்டைப் பூட்டிய பிறகே அந்த வரியைக் காட்டும். பூட்டின் சாவி இருப்பதோ வைரஸின் உடம்புக்குள். நான் எண்டரைத் தட்டியிருந்தால் வைரஸ் ஒரு நொடியில் ஒழிந்திருக்கும், செக்ரோலும் அதோடு போயிருக்கும்.

அன்று செய்தது இது. வைரஸை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு, அதையே காவலாளியாக வைத்து, கூலிக் கணக்குக் கோப்புகளை ஒவ்வொன்றாக நெகிழ்வட்டுகளுக்கு எடுத்தோம். அவற்றை வேறு கணினியில் திறந்து சரிபார்த்தோம். கிராணி பக்கத்தில் உட்கார்ந்து பெயர்களை வாய்விட்டுப் படித்தார். அதற்குப் பிறகு, பூட்டைத் திறந்துவிட்டு வைரஸை நீக்கத் தெரிந்த ஒரு கருவியை ஓட்டினோம். மாலை கடை சாத்தும் நேரம் ஆகிவிட்டது. அந்த மாதம் அந்தத் தோட்டத்தில் சம்பளம் தாமதமாகவில்லை.

விண்டோஸ் 95 வந்ததும் வேலையின் வடிவம் மாறியது. அதற்கு முன் ஒரு மென்பொருள் வேண்டாமென்றால் அதன் அடைவை அழித்தால் பெரும்பாலும் முடிந்தது. இப்போதோ ஒவ்வொன்றும் வீட்டின் நாலு மூலையிலும் சாமான் வைத்தது. கொஞ்சம் தன் அடைவில், கொஞ்சம் ‘சிஸ்டம்’ அடைவில், மீதி ரிஜிஸ்ட்ரி என்ற பெரிய பேரேட்டில். இதற்காகவே கட்டுப்பாட்டுப் பலகையில் ‘சேர், நீக்கு’ என்று ஒரு பகுதி வைத்தார்கள். அது கேட்ட ஒரு கேள்வி எனக்கு இன்னும் மனப்பாடம்: இந்தக் கோப்பைப் பல மென்பொருள்கள் பங்குபோட்டுப் பயன்படுத்துகின்றன, இனி யாருக்கும் இது தேவையில்லை போலிருக்கிறது, நீக்கவா? போலிருக்கிறது என்றால் என்ன செய்வது? ‘ஆம்’ என்று சொல்லி அச்சுப்பொறி வேலை செய்யாமல் போன வீடுகள் உண்டு. ‘வேண்டாம்’ என்பதே நல்ல விடை. சில மெகாபைட் இடம் வீணாகும், அவ்வளவுதான்.

ஆனால் அந்த நாட்களில் ஊருக்கு ஊர் பரவியிருந்த மருந்து வேறு. ஃபார்மட் அடிப்பது. ஐம்பது வெள்ளி வாங்கிக்கொண்டு வட்டு முழுவதையும் துடைத்து, விண்டோஸைப் புதிதாகப் போட்டுக் கொடுத்துவிடலாம். ஆராய வேண்டாம், யாரையும் கேட்க வேண்டாம். நல்ல நகல் கையில் இருக்கும்போது ஃபார்மட் ஒரு முறையான வைத்தியம். நகல் இருக்கிறதா என்று கேட்காமலே அதைச் செய்கிற பழக்கத்தை நான் அன்றும் வெறுத்தேன், இன்றும் வெறுக்கிறேன். குடும்பப் படங்களை அப்படிப் பறிகொடுத்த முகங்களை நான் பார்த்திருக்கிறேன்.

1999 ஏப்ரல் 26, திங்கட்கிழமை. தைவானில் சென் இங்-ஹௌ என்ற மாணவர் எழுதிய சிஐஎச் அன்று விழித்தது. வட்டின் முதல் மெகாபைட்டை மேலெழுதி அழித்தது, தாய்ப்பலகையில் உள்ள பயாஸ் சில்லையும் அழிக்கப் பார்த்தது. சில கணினிகள் மின்விசிறி ஓடும் சத்தம் தவிர வேறு உயிரே இல்லாமல் வந்தன. அதே மாதிரித் தாய்ப்பலகை ஒன்று நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் பயாஸ் சில்லைக் கழற்றி, செத்த சில்லை அந்த இடத்தில் பொருத்தி, அதற்குள் மறுபடி எழுத வேண்டியிருந்தது. கை நடுங்கும் வேலை. மூன்றைப் பிழைக்க வைத்தேன். அந்த மூன்றும் எனக்குத் தலைக்கனம் தந்தன. வந்ததையெல்லாம் என்னால் அடையாளம் காண முடியும் என்று நினைக்கத் தொடங்கினேன்.

2001இல் தனிக்கடை போட்டேன். வீடுகளில் தொலைபேசி வழியாக 1515ஐச் சுழற்றி இணையத்துக்குள் போகிற காலம். சினிமாப் பாட்டு இறக்குவதற்கு கஸா போன்ற இலவச நிரல்கள் வந்தன. அவற்றின் மடியில் உட்கார்ந்து வேறு நிரல்களும் வந்தன. விளம்பரச் சன்னல்களைத் திறப்பவை, உலாவியின் முதல் பக்கத்தை மாற்றுபவை, நாம் போகும் இடத்தைக் கணக்கெடுத்து எங்கோ அனுப்புபவை. மோடத்தை வெளிநாட்டு எண்ணுக்குத் திருப்பிவிடும் டயலர்களும் இருந்தன. லயத்திலிருந்து வந்து ஒரு தாமான் வீட்டில் குடியேறிய குடும்பத்துக்கு வந்த ஒரு மாதத் தொலைபேசிக் கட்டணம், அந்த வீட்டுத் தலைவரின் சம்பளத்தைவிட அதிகம். இவையெல்லாம் வைரஸ் அல்ல. பலவற்றை வீட்டிலிருந்த யாரோ படிக்காமல் ‘சரி’ என்று அழுத்தித்தான் உள்ளே விட்டிருந்தார்கள். ஆகவே வைரஸ் தேடும் கருவிகள் அவற்றைக் கண்டும் காணாமல் விட்டன. ஆட்-அவேர், ஸ்பைபாட் என்று வேறு வகைக் கருவிகள் வர வேண்டியிருந்தது.

இந்த நேரத்தில்தான் டீச்சர் வந்தார். ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டுக்குப் பாடம் எடுத்தவர். மகன் பாட்டு இறக்கி, இறக்கி, கணினி முழுக்க விளம்பரச் சன்னல்கள். “தம்பி, வேண்டாததையெல்லாம் எடுத்துடுங்க. என் எழுத்து மட்டும் பத்திரமா இருக்கணும்,” என்றார். நான் தலையாட்டினேன். எழுத்து என்று அவர் எதைச் சொல்கிறார் என்று கேட்கவில்லை.

இரவு வேலை செய்தேன். விளம்பர நிரல்களை நீக்கினேன், அது சரியாகவே நடந்தது. தொடக்கத்தில் தானாக எழும் நிரல்களின் பட்டியலைத் திறந்தேன். அதில் ஒன்று பின்னணியில் ஓடிக்கொண்டு, விசைப்பலகையில் தட்டுவதையெல்லாம் இடைமறித்தது. விசைகளைத் திருடும் நிரல்களைப் பற்றி அப்போதுதான் படித்திருந்தேன். அதுதான் இது என்று நினைத்து அழித்தேன். எழுத்துரு அடைவில் எனக்குப் பெயர் தெரியாதவை ஏராளமாகக் கிடந்தன. வேகத்தைக் குறைக்கும் என்று அவற்றையும் அழித்தேன். பிறகு, மிச்சம் ஏதாவது இருக்கிறதா என்று ஆவணங்களைத் திறந்து பார்த்தேன். ஓர் அடைவில் இருந்த 17 கோப்புகளும் ஒரே கோலத்தில் இருந்தன. மேலே கோடு போட்ட ஏ, வாலுள்ள சி, புள்ளி வைத்த யு, பக்கம் பக்கமாக அர்த்தமில்லாத ஐரோப்பிய எழுத்துகள். வைரஸ் சிதைத்துவிட்டது என்று முடிவுசெய்தேன். நோய் கண்ட வேர் என்று எண்ணிக்கொண்டு, 17ஐயும் ஒன்றாகத் தெரிவுசெய்து, குப்பைத்தொட்டிக்கும் போகாதபடி ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு அழித்தேன். முடித்ததும் ஒரு புதிய வைரஸ் எதிர்ப்பு நிரலையும் நிறுவினேன்.

நான் அழித்த நிரல், மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன் 1985இல் தொடங்கிய முரசின் வழியில் வந்த முரசு அஞ்சல். நம் விசைத்தட்டலைத் தமிழாக மாற்றுவதற்காகவே அது விசைப்பலகையை இடைமறித்தது. நான் அழித்த எழுத்துருக்கள் தமிழ் எழுத்துருக்கள். ஒருங்குறி எங்கள் பக்கம் வேரூன்றாத காலம் அது. கணினியின் 256 இடங்களில் மேல் பாதியில், ஐரோப்பிய எழுத்துகள் இருக்கும் இடங்களில், தமிழை உட்காரவைத்து எழுதினோம். எழுத்துரு இருந்தால் அது தமிழ். எழுத்துரு போனால் அதே கோப்பு கோடும் புள்ளியுமான குப்பை. முந்திய ஆண்டு, 2001 ஆகஸ்டில், கோலாலம்பூரில் தமிழ் இணைய மாநாடு நடந்தபோது இதைப் பற்றிப் பத்திரிகையில் படித்திருந்தேன். தமிழ்ப்பள்ளியில் படித்தவன் நான். என் தாய்மொழியைத் திரையில் பார்த்துவிட்டு, அது நோய் என்று நினைத்து அழித்தேன்.

டீச்சர் மறுநாள் எடுத்துப் போனார். மூன்றாம் நாள் வந்தார். கணினியைத் தூக்கி வரவில்லை. கைப்பையை மடியில் வைத்து உட்கார்ந்து, “என் பாட்டெல்லாம் எங்கப்பா?” என்று கேட்டார். சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். லயத்துக் கிழவிகள் பாடியவற்றை எட்டு ஆண்டுகளாக அவர் தட்டிச் சேர்த்திருக்கிறார். தாலாட்டு, ஒப்பாரி, கப்பலேறி வந்ததைப் பாடும் பாட்டு, பால் வெட்டும் நிரையில் ஒருவர் தொடங்க அடுத்த நிரையிலிருந்து மற்றவர் முடிக்கும் பாட்டு. பாடியவர்களில் சிலர் அதற்குள் இறந்துபோயிருந்தார்கள். அச்செடுத்து வைக்கவில்லை, மை விலை அதிகம். நெகிழ்வட்டில் நகல் ஒன்று இருந்தது, அதில் பூஞ்சை பிடித்திருந்தது.

அன்றே அவர் வீட்டுக்குப் போய்க் கணினியை அணைத்தேன். அழிந்த கோப்பு உண்மையில் வட்டிலிருந்து உடனே போய்விடுவதில்லை. விண்டோஸ் 98இன் கோப்பு முறையில், அழிப்பது என்பது பட்டியலில் அந்தக் கோப்புப் பெயரின் முதல் எழுத்தை அடித்துவிட்டு, அது இருந்த இடத்தைக் காலி என்று அறிவிப்பது மட்டுமே. உள்ளடக்கம் அங்கேயே கிடக்கும், வேறு ஏதாவது மேலே வந்து உட்காரும்வரை. கணினி ஓடும் ஒவ்வொரு நிமிடமும் அப்படி உட்காருவதற்கு ஒரு வாய்ப்பு. நான் நிறுவிய வைரஸ் எதிர்ப்பு நிரல் ஏற்கெனவே கொஞ்ச இடத்தைத் தின்றிருந்தது. வட்டைக் கழற்றி, கடையில் என் கணினியில் இரண்டாம் வட்டாக மாட்டினேன். அதில் எதுவும் எழுதாமல், மீட்டதை என் வட்டில் சேமிக்கும்படி, டாஸ் முறையில் ஓடும் ஒரு மீட்பு நிரலைத் தொடங்கினேன்.

அந்த நிரல் ஒவ்வொரு கோப்புக்கும் முதல் எழுத்தைக் கேட்கும். டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கேள்விக்குறி, ‘ஹெச்ஏஏஎல்ஏடியு’ என்று வந்தது. “டி போடுங்க,” என்றார். கேள்விக்குறி, ‘பிபிஏஆர்ஐ’. “ஓ. ஒப்பாரி.” கேள்விக்குறி, ‘ஏபிபிஏஎல்’. “கே. கப்பல்.” முரசை மறுபடி நிறுவி, எழுத்துருவைப் போட்டு, முதல் கோப்பைத் திறந்தேன். அந்தக் கோடும் புள்ளியும் எங்கள் கண்முன் தமிழாக நின்றன. டீச்சர் வாய்க்குள் படிக்கத் தொடங்கி, பாதியில் ராகத்தோடு பாடிவிட்டார்.

12 கோப்புகள் முழுதாக வந்தன. 4 கோப்புகளில் நடுவே ஓட்டை. வட்டில் துண்டு துண்டாகக் கிடந்தவை அவை. அழிக்கும்போது அடுத்த துண்டு எங்கே என்ற குறிப்பும் போய்விடுவதால், தொடர்ச்சியாக இருந்த பகுதி மட்டுமே வரும். ஓட்டைகளை டீச்சர் நினைவிலிருந்து நிரப்பப் பார்த்தார், சிலவற்றை நிரப்பினார். 17ஆவது கோப்பு கேள்விக்குறி, ‘ஏஏஎல்ஏஐ’. காலை, மாலை, பாலை, சாலை, எதுவும் பொருந்தும். திறந்தால் உள்ளே அந்த வைரஸ் எதிர்ப்பு நிரலின் துணுக்குகள். டீச்சருக்கு அது எந்தப் பாட்டு என்று நினைவு வரவில்லை.

மறுநாள் காலை, பக்கத்துச் சாமான் கடையில் முதல் 555ஐ வாங்கினேன்.

அதற்குப் பிறகு என் கடையில் வேலை நடக்கும் வரிசை மாறிவிட்டது. முதலில் நகல், அதுவும் வேறொரு வட்டுக்கு. நகலைத் திறந்து, உரிமையாளரையே படிக்கச் சொல்லிச் சரிபார்ப்பது. பிறகு நிறுவிய மென்பொருள்களின் பட்டியலைத் தேதி வரிசையில் திறந்து, தொல்லை எப்போது தொடங்கியது என்று கேட்பது. “பொங்கலுக்கு மறுவாரம்,” “மகன் லீவுக்கு வந்து போனதிலிருந்து,” என்று சொல்வார்கள். அந்த வாரம் நுழைந்தவை பெரும்பாலும் மூன்றோ நான்கோதான் இருக்கும். அவற்றை அவற்றின் சொந்த நீக்கும் வழியாலேயே முதலில் நீக்குவது. அடம்பிடித்தால் சேஃப் மோடில் எழுப்பி நீக்குவது. தொடக்கப் பட்டியலில் அடையாளம் தெரியாத எதையும் அழிக்காமல், குறியை மட்டும் எடுத்துவிட்டு, ஒரு வாரம் ஓட்டிப் பார்க்கச் சொல்வது. மார்க் ரஸ்ஸினோவிச் என்பவரின் ஆட்டோரன்ஸ் கருவி எனக்குப் பிடித்துப்போனது இதனால்தான், குறியை எடுத்தால் தூங்கும், திருப்பிப் போட்டால் எழும். கடைசியில் வேர்த்துண்டு தேடுவது. உலாவியின் நீட்சிகள், நேரம் குறித்து ஓடும் பணிகள், தற்காலிக அடைவுகள். எல்லாம் சுத்தம் என்று தெரிந்த பிறகே பழைய மீட்புப் புள்ளிகளை அழிப்பது, அவற்றுக்குள்ளும் நோய் உறங்கலாம். முதலிலேயே அழித்தால் திரும்பிப் போக வழியிருக்காது.

ரிஜிஸ்ட்ரியைச் சுத்தம் செய்வதாகச் சொல்லும் கருவிகளை நான் தொடுவதில்லை. அந்தப் பேரேட்டில் நூறு வெற்று வரிகள் கிடப்பதால் கணினிக்கு ஒரு கேடும் இல்லை. தேவையான ஒரு வரி போனால் கேடு.

2005 அக்டோபர் இறுதியில், அதே மார்க் ரஸ்ஸினோவிச் தன் கணினியில் ஒளிந்திருந்த ஒரு நிரலைக் கண்டுபிடித்து எழுதினார். சோனி பிஎம்ஜி விற்ற பாட்டுக் குறுந்தட்டிலிருந்து வந்தது அது. கையால் அதை நீக்கியபோது குறுந்தட்டு இயக்கியே கணினியிலிருந்து மறைந்துபோனது. இயக்கிக்கும் விண்டோஸுக்கும் நடுவில் அந்த நிரல் தன்னைச் செருகிக்கொண்டிருந்தது. பிறகு நிறுவனமே ஒரு நீக்கும் கருவியைக் கொடுத்தது, அதுவோ இன்னொரு பாதுகாப்பு ஓட்டையைத் திறந்துவிட்டது. படித்தபோது எனக்கு எண்டர் விசையின் மேல் நின்ற என் விரல் நினைவுக்கு வந்தது.

அதே ஆண்டில் இந்தோனேசியாவிலிருந்து பிரொன்டொக் வந்தது. எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அதில் ஒரு தனி அதிர்ச்சி, அது காட்டிய செய்தி அவர்களுக்குப் புரிந்தது. ஆங்கிலத்தில் வந்த மிரட்டல்களைப் பார்த்துப் பழகியவர்களிடம், மலாய்க்கு நெருங்கிய மொழியில், நாட்டின் சீர்கேட்டை நிறுத்து என்று அறிவுரை சொன்னது. ஒரு கழுகின் பெயரைத் தனக்கு வைத்துக்கொண்டது. ரிஜிஸ்ட்ரியைத் திறக்க விடாது. சன்னலின் தலைப்பில் அந்தச் சொல்லைக் கண்டாலே கணினியை மறுபடி எழுப்பிவிடும். பள்ளிகளில் அது தம் டிரைவ் வழியாக வகுப்பு வகுப்பாகப் போனது. 2003 முதல் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்தில் என்று ஆனபின் ஆசிரியர்களுக்கு மடிக்கணினிகள் கிடைத்திருந்தன, வினாத்தாள்கள் தம் டிரைவில் கைமாறின. அடைவைப் போலவே தோன்றும் ஒரு படத்தைக் காட்டி ஏமாற்றும் நிரல் அது. அடைவு என்று நினைத்து இருமுறை சொடுக்கினால் உள்ளே வந்துவிடும். நான் எத்தனையோ பள்ளிகளுக்குப் போய், ஆசிரியர் அறையில் எல்லா தம் டிரைவையும் ஒரே மேசையில் குவிக்கச் சொல்லியிருக்கிறேன். ஒரு டிரைவ் மட்டும் யாருடைய பையிலாவது தங்கிவிட்டால் அடுத்த வாரம் மறுபடி எல்லாரிடமும் இருக்கும். அப்பாவின் வேர்த்துண்டு அது.

கருவிப்பட்டைகள், போலி வைரஸ் எதிர்ப்பு நிரல்கள் எல்லாம் பிறகு வந்தவை. அவற்றில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஒன்றை மட்டும் சொல்லியாக வேண்டும். 2017 ஆகஸ்டு 15 அன்று வந்த சிகிளீனர் 5.33 பதிப்பு. கணினிகளைச் சுத்தம் செய்வதற்கென்று உலகெங்கும் என்னைப் போன்றவர்கள் நம்பிப் போட்டுக் கொடுத்த கருவி அது. அதைச் செய்யும் இடத்திலேயே யாரோ புகுந்து, நிறுவனத்தின் முறையான கையொப்பத்தோடு நஞ்சை உள்ளே வைத்துவிட்டார்கள். செப்டம்பரில் தெரியவந்தபோது ஏறத்தாழ 22.7 லட்சம் கணினிகளில் அது இருந்தது. செய்தி வந்த அன்று என் 555களை எடுத்து உட்கார்ந்தேன். ஆகஸ்டு 15க்குப் பிறகு யார் யார் கணினியில் அதைப் போட்டேன் என்பது அதில் எழுதியிருந்தது. ஒன்பது பேர். பீடோங், செமிலிங், கோல கெட்டில், பாடாங் செராய் என்று மூன்று நாட்கள் மோட்டார் சைக்கிளில் போய், ஒன்பது வீட்டிலும் எடுத்துவிட்டு வந்தேன். யாரிடமும் காசு வாங்கவில்லை. கோல கெட்டிலில் ஒரு பாட்டி, கேட்காமலே வந்து மருந்து வைத்துவிட்டுப் போகும் வைத்தியரை இப்போதுதான் பார்க்கிறேன் என்று சொல்லி, தோட்டத்து முருங்கைக்காய் ஒரு கட்டு கொடுத்தார்.

டீச்சர் ஓய்வு பெற்றுவிட்டார். மீண்ட கோப்புகளை நான் ஒருங்குறிக்கு மாற்றிக் கொடுத்தேன், இனி எந்த எழுத்துருவை யார் அழித்தாலும் அவை தமிழாகவே இருக்கும். மூன்று இடங்களில் நகல் இருக்கிறது, ஒன்று என் கடையில். தீபாவளிக்கு முறுக்குக் கொண்டுவரும்போது, “அந்தக் கடைசிப் பாட்டு ஞாபகம் வந்துச்சா டீச்சர்?” என்று கேட்பேன். போன ஆண்டு கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்துக்கு விடியலில் போகும்போது பாடுவதாக இருக்கலாம், அப்படியென்றால் காலை, என்றார். பிறகு, இல்லை, சாலையாகவும் இருக்கலாம் என்றார்.

ஒவ்வொரு 555 முடியும்போதும், சாமான் கடைக்காரர் செய்ததைப் போலவே, கோடு விழாத வரியை அடுத்த புத்தகத்தின் முதல் பக்கத்தில் எழுதிவைக்கிறேன். 31 புத்தகங்களிலும் முதல் வரி அதுதான். ஒரு கேள்விக்குறி, அதன் பின்னால் ஐந்து எழுத்து.